பிங்க் ஃபிளாய்ட் எல்.பி.: நம்ம ஊர் தண்ணி, தூசி, கரண்ட்டுக்கு நடுவுல சரியாக் கேக்குறது எப்படி?

தகடூர்_33 (தர்மபுரி)

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து ராக் பேண்ட் பிங்க் ஃபிளாய்டோட 1973 டார்க் சைட் ஆஃப் த மூன், 1975 விஷ் யூ வேர் ஹியர் ரெண்டு ஆல்பமும் பழைய எல்.பி.யா (பெரிய இசைத்தட்டா) இருக்கு. பிளேயர் அமெரிக்க மாடல், பெல்ட் டைப், 110 வோல்ட். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓடுது.

டார்க் சைட் தொடங்கும்போது வர்ற இதயத்துடிப்பு பொரிபொரின்னு வர்ற சத்தத்துல மூழ்கிடுது. தட்டுல வெள்ளையா திட்டுத் திட்டா படிஞ்சிருக்கு, யாரோ போர் தண்ணியில கழுவிக் காயவெச்ச மாதிரி தெரியுது. முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டுல அந்தப் பெண் குரல் உச்சிக்குப் போறப்ப கிழியுது. எல்லாப் பாட்டும் சுதி இறங்கி, இழுத்து இழுத்து வருது. விஷ் யூ வேர் ஹியர்ல டைட்டில் பாட்டோட ஆரம்பம் பழைய ரேடியோல வர்ற மாதிரி சன்னமா இருக்கு, ஊசி போயிடுச்சா?

எது தட்டோட கோளாறு, எது பிளேயரோட கோளாறுன்னு பிரிச்சுச் சொன்னா நல்லா இருக்கும்.

காவேரிப்பட்டணம்_ஊசி

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். ஊசி போகல, கழட்டிடாதீங்க. அது வேணும்னே அப்படிப் பண்ணினது. அதுக்கு முந்தின பாட்டான ஹேவ் எ சிகார் முடியுற இடத்துலயே மொத்த பேண்டும் திடீர்னு சின்ன ரேடியோவுக்குள்ள சுருங்கிடும். அப்புறம் ஸ்டேஷன் மாத்துற சத்தம். அதுல ஒரு நொடி சைகோவ்ஸ்கியோட நாலாவது சிம்ஃபொனி கூட வந்து போகும். பிறகு 12 கம்பி கிடார் அந்த ரேடியோவுக்குள்ளேயே வாசிக்குது. அதுக்கு மேல டேவிட் கில்மோர் இன்னொரு கிடாரை முழு ஒலியோட, பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி சேக்குறார். அவர் இருமுறது, மூச்சு விடுறது எல்லாம் காதுல விழணும். ரெண்டாவது கிடாரும் சன்னமா வந்தாத்தான் ஊசியைச் சந்தேகப்படணும்.

குரல் கிழியுறது வேற விஷயம், அதுக்கு ராத்திரி தனியா எழுதுறேன்.

பர்கூர்_கல்

தகடூர் தம்பி, வெள்ளைத் திட்டு சுண்ணாம்பும் உப்பும்தான். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணி எப்படின்னு சொல்லத் தேவையில்ல. ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே வந்துச்சு. அந்தத் தண்ணி காடிக்குள்ள (தட்டுல ஊசி ஓடுற பள்ளக்கோடு) காய்ஞ்சா உப்பு அடியிலேயே உக்காந்துக்கும், ஊசி ஒவ்வொரு துகள் மேலயும் ஏறி இறங்கும். அதுதான் பொரிச்சல். தட்டு தேய்ஞ்சு போச்சுன்னு முடிவு கட்ட வேணாம், பாதிக்கு மேல கழுவினாலே போயிடும்.

கலவை: டிஸ்டில்ட் வாட்டர் 750 மி.லி., ஐசோபுரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம் 250 மி.லி., வாசனை இல்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டே ரெண்டு சொட்டு. மூணாவது சொட்டு போட்டா அதுவே படிவமாயிடும். பேட்டரிக் கடையில் வாங்குறீங்கன்னா டிஸ்டில்ட் வாட்டர்னு சொல்லி, லேபிளையும் படிச்சு வாங்குங்க. "பேட்டரி தண்ணி"ன்னு மட்டும் கேட்டா சில இடத்துல ஆசிட் கேனை எடுத்து நீட்டுவாங்க. மெடிக்கல்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேணாம், அதுல வேற சரக்கும் கலந்திருக்கும், காய்ஞ்சதும் பிசுக்கு நிக்கும். ஆர்.ஓ. தண்ணி முதல் அலசலுக்கு ஓகே, கடைசி அலசல் டிஸ்டில்ட்லதான்.

நடு லேபிளை வட்டமான பிளாஸ்டிக் மூடியால மூடிக்கிட்டு, மெல்லிய நாருள்ள பிரஷ்ஷால காடி போற வழியிலேயே வட்டமாத் தேய்க்கணும். குறுக்கே இழுக்கக்கூடாது. திட்டு இருக்கிற இடத்துல கலவையை ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிடுங்க, ஆனா காய விடாதீங்க. சுத்தமான டிஸ்டில்ட் வாட்டர்ல ரெண்டு தடவை அலசி, பாத்திர ஸ்டாண்டுல செங்குத்தா நிறுத்தி, ஃபேன் காத்து நேரா படாத இடத்துல காயவிடுங்க. ஃபேன் கீழ வெச்சா தூசியை நாமளே ஒட்டவெக்கிற கதை.

வீட்டுல பழைய 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டு இருந்தா இந்தக் கலவையை அது பக்கத்துல கூட கொண்டு போகாதீங்க. ஆல்கஹால் அரக்கைக் கரைச்சிடும்.

அடுத்தது தூசி. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைத் தூசி சாதாரண வீட்டுத் தூசி இல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள். பி.வி.சி.யை விடப் பல மடங்கு கடினம். ஊசி முனை வைரம், அதுக்கு ஒண்ணும் ஆகாது, நடுவுல மாட்டுற காடிச் சுவர்தான் அரைபடும். ஒவ்வொரு தடவையும் போடுறதுக்கு முன்னாடி கார்பன் ஃபைபர் பிரஷ், ஒரே ஒரு சுத்து. ஓடும்போது மூடி மூடியே இருக்கட்டும். ஊசியைத் துடைக்கிறது பின்னாலிருந்து முன்னால மட்டும்.

ஓசூர்_லேத்

சுதி இறங்குறது தட்டும் இல்ல, பெல்ட்டும் இல்ல. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலையுதுங்கிற கணக்கை) மாத்தாது. அமெரிக்கா 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பாத்துத்தான் சுத்தும். நிமிஷத்துக்கு 33⅓ சுத்த வேண்டியது 27.8-தான் சுத்தும். மூணு அரைச்சுரம் இறங்கி, அதுக்கும் கொஞ்சம் கீழ நிக்கும்.

சோதிக்க வழி: விஷ் யூ வேர் ஹியர்ல முதல் பாட்டான ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட் தொடக்கத்துல நீளமா ஒரு ஜி மைனர் கார்வை (நீட்டிப் பிடிச்ச சத்தம்) நிக்கும். போன்ல ட்யூனர் ஆப் போட்டுக் காட்டுங்க. ஜி காட்டணும். ஈ-க்குப் பக்கத்துல காட்டினா சந்தேகமே இல்ல, 60 ஹெர்ட்ஸ் மோட்டார்தான்.

தட்டு வைக்கிற பிளாட்டர் ஓரத்துல ஸ்ட்ரோப் புள்ளி (வேகம் சரியான்னு காட்டுற புள்ளி வரிசை) இருந்தா, 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்துல 180 புள்ளி இருக்கிற வரிசை நிக்கணும். 216 இருக்கிற வரிசை 60-க்கானது. ஆனா இப்ப இருக்கிற எல்.இ.டி. பல்புல பாதிக்கு மேல கரண்ட்டோட சேர்ந்து மினுக்காது, புள்ளி நிக்கிறதே தெரியாது. பழைய குண்டு பல்புலயோ நியான் டெஸ்டர் வெளிச்சத்துலயோ பாருங்க.

தீர்வு, பெல்ட்டை ஓட்டுற மோட்டார் சக்கரமான புல்லியைக் கொஞ்சம் பெரிசா மாத்துறது. ஓசூர்ல சின்ன லேத் பட்டறை எதுலயும் பித்தளையில கடைஞ்சு தருவாங்க. பழைய புல்லியை வெர்னியர்ல அளந்து அனுப்புங்க, கணக்கு போட்டுத் தரேன். டி.சி. மோட்டாரோ குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவோ இருந்தா இந்தப் பஞ்சாயத்தே கிடையாது, ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதும்.

அரூர்_ஆட்டோப்ளே

இவ்ளோ பாடுபடணுமா? போன்ல போட்டா சுத்தமா வருதே.

காவேரிப்பட்டணம்_ஊசி

தாராளமாப் போடுங்க, யாரும் சண்டைக்கு வரல. ஆனா ஆப்ல மூணு செட்டிங் பாத்துக்குங்க. கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு மேல அடுத்ததை ஏத்துறது) அணைக்கணும், கேப்லெஸ்ஸைப் (இடைவெளி இல்லாம ஓட்டுறது) போடணும், வால்யூம் சமன்படுத்துற வசதியை அணைக்கணும். டார்க் சைட்ல ஒவ்வொரு பக்கமும் ஒரே ஓட்டம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழுந்தா பிரீத்துக்கும் ஆன் த ரன்னுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பே செத்துடும். ஷஃபிள்ல கேக்குற ஆளா இருந்தா வேற பேண்ட் கேக்கலாம்.

பாலக்கோடு_வீணை

ஓசூர் அண்ணா சொன்ன ஜி மைனர்லேருந்து நான் பிடிச்சுக்கிறேன்.

அந்தக் கார்வைக்கு மேல கிட்டத்தட்ட நாலாவது நிமிஷத்துல கிடார்ல நாலே நாலு சுரம் தனியா விழும்: பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. பேண்டோட பழைய நாயகன் சிட் பேரட்டுக்கான சுரங்கள்னு ரசிகர்கள் சொல்றது இதைத்தான். ஜி-யை ஷட்ஜமா வெச்சுப் பாருங்க: சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜம், சதுச்ருதி தைவதம். நாலும் கரகரப்பிரியாவுல இருக்கு. ராகம் பாடுறாங்கன்னு சொல்ல வரல. நமக்கு அந்த இடம் ஏன் சட்டுனு ஒட்டுதுன்னா சுரக்கூட்டம் காதுக்குப் பழசு. ஆனா கடைசியா தைவதத்துல வந்து நிறுத்துறாங்க பாருங்க, அதை நம்ம காது எதிர்பாக்காது. ஷட்ஜத்துக்குத் திரும்பாம, பதில் இல்லாத கேள்வியா விட்டுட்டுப் போறாங்க. அதே நாலு சுரம் மறுபடி மறுபடி வந்த பிறகுதான் டிரம் உள்ள வருது.

கில்மோர் ஒரு சுரத்தைத் தொட்டுட்டுக் கம்பியைத் தள்ளி அடுத்த சுரத்துக்குப் போறதைக் கவனிங்க. வீணையில கம்பியை இழுத்துக் கமகம் வாங்குற வேலைதான். வேகமா நிறைய சுரம் கொட்ட மாட்டார். ஒரு சுரத்தைப் பிடிச்சு, அது எங்க போய்ச் சேரணுமோ அங்க நிதானமாக் கொண்டு போய் விடுவார். அம்பது வருஷம் கழிச்சும் பாடமா உக்காந்து வாசிச்சுப் பாக்குறாங்கன்னா இதுக்காகத்தான்.

இதெல்லாம் பின்னணி அமைதியா இருந்தாத்தான் கேக்கும். இவங்க இசையில பாதி, சத்தம் தேய்ஞ்சு போற இடத்துல இருக்கு. ரிச்சர்ட் ரைட்டோட கீபோர்டு அடியில மெல்லிசாப் படர்ந்துகிட்டே இருக்கும். பொரிச்சல் முதல்ல முழுங்குறது அவரைத்தான்.

டார்க் சைட்ல வர்ற மணி (Money) பாட்டுக்கு மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பாருங்க, தகிட தகதிமி. ஏழு உக்காரும்.

பென்னாகரம்_மிருதங்கம்

ஏழு சரி, சாபு சரியில்லம்மா. சாபுல மூணும் நாலுமா சாய்ஞ்சு ரெண்டு பெரிய அடியா விழும். மணியில ஏழு அடியும் சமம், நிதானமா நடக்குது. திஸ்ர ஜாதி திரிபுடை போடுங்க: ஒரு தட்டு ரெண்டு விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் ஏழு அட்சரம். ஆரம்பத்துல வர்ற காசு, காகிதம் கிழிக்கிறது, கல்லாப்பெட்டி சத்தம் ஒவ்வொண்ணும் ஒரு அட்சரத்துல விழும். டேப்பை அளவுகோல் வெச்சு சம நீளத்துக்கு வெட்டி ஒட்டி, வளையமாச் சுத்தவிட்டு எடுத்தது அது. கம்ப்யூட்டர் இல்லாத காலம்.

டிக் பாரியோட சாக்ஸபோன் முடியுற வரைக்கும் ஏழுதான். கில்மோரோட கிடார் தனி ஆரம்பிச்சதும் நாலுக்கு மாறும். அங்கயும் திரிபுடை போட்டுகிட்டே இருந்தா ரெண்டாவது ஆவர்த்தனத்துல கை மாட்டிக்கும். தனி முடிஞ்சு ரிஃப் திரும்பும்போது மறுபடி ஏழு. நிக் மேசன் அந்த ரெண்டு மாற்றத்துலயும் ஆர்ப்பாட்டமே இல்லாம கடந்து போவார். நிறையப் பேர் அவரைச் சாதாரண டிரம்மர்னு சொல்றாங்க, எனக்கு ஒத்துவராது. டைம் பாட்டோட முன்னுரையில ரோட்டோடாம்ல (திருப்பிச் சுதி மாத்துற சின்ன டிரம்) எவ்ளோ இடம் விட்டு அடிக்கிறார்னு கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

பாலக்கோடு_வீணை

திரிபுடை நல்லா உக்காருதுங்க ஐயா. ஏத்துக்கிறேன்.

காவேரிப்பட்டணம்_ஊசி

இப்ப குரல் கிழியுற விஷயம். த கிரேட் கிக் இன் த ஸ்கை, பாடினது கிளேர் டோரி. பாட்டு முதல் பக்கத்துல கடைசி, அதாவது லேபிளுக்குப் பக்கத்துல. தட்டு ஒரே வேகத்துல சுத்தினாலும் வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில நொடிக்கு 51 செ.மீ. காடி ஓடும், உள்ளே வர வர 21 செ.மீ.க்கு இறங்கிடும். அதே உச்சஸ்தாயி அலை பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கிக் கிடக்கும். ஊசி கொஞ்சம் கோணலா இருந்தாலும் அங்கதான் பல் இளிக்கும். ரெண்டாம் பக்கம் எக்லிப்ஸ்லயும் இதே தொல்லை இருக்கான்னு பாருங்க. ரெண்டுலயும் இருந்தா தட்டு மேல பழி போட வேணாம், அமைப்புதான் கோளாறு.

வரிசையா செய்ய வேண்டியது இது. முதல்ல எடை, அதாவது ஊசி தட்டை அழுத்துற பாரம். சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் காட்டுறது. ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜுக்குள்ள காந்தம் இருக்கு. தராசுத் தட்டு இரும்புக் கலப்பா இருந்தா கார்ட்ரிட்ஜை இழுத்து எடையைத் தப்பாக் காட்டும். அலுமினியம் தட்டு இருக்கிறதா வாங்குங்க. உங்க கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி சொன்ன எடை என்னவோ அதுதான். உதாரணத்துக்கு ஆடியோ-டெக்னிகா வி.எம்.95.ஈ.க்கு 2.0 கிராம், 1.8-லிருந்து 2.2 வரைக்கும் போகலாம். தட்டு தேயுமேன்னு பயந்து 1.5 வெக்காதீங்க. எடை போதாத ஊசி காடியில நிலையா நிக்காம துள்ளும், சுவரைக் கொத்தும். கூடுதல் எடையை விட அதுதான் தட்டைச் சீக்கிரம் கெடுக்கும்.

அடுத்தது கோணம். ப்ரொட்ராக்டர் தாளை (கோணம் பாக்குற தாள்) அச்செடுத்து ஸ்பிண்டில்ல (தட்டு மாட்டுற நடுக்கம்பி) மாட்டுங்க. அச்செடுக்கும்போது அளவு 100 சதவீதம்னு பாத்துக்குங்க, ஸ்கேல் வெச்சுச் சரிபாருங்க. பேர்வால்ட்ங்கிற கணக்கு முறையில மையத்துலேருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ரெண்டு புள்ளியிலயும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையா நிக்கணும். கார்ட்ரிட்ஜைப் பிடிச்சிருக்கிற ஹெட்ஷெல் திருகு ரெண்டையும் கால் சுத்து தளர்த்தி, முன்னே பின்னே நகர்த்தி, கொஞ்சமாத் திருப்பி, ரெண்டு இடத்துலயும் பொருந்தினதும் மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரே பக்கமா இறுக்கினா திரும்பிக்கும். கடைசியா ஆன்டி-ஸ்கேட்டிங் (ஊசிக் கை உள்பக்கம் இழுபடுறதைத் தடுக்குற அமைப்பு), எடைக்கு எந்த எண்ணோ அதே எண். வலது ஸ்பீக்கர்ல மட்டும் குரல் கிழிஞ்சா ஆன்டி-ஸ்கேட்டிங் கம்மி, இடதுல மட்டும்னா ஜாஸ்தி.

எல்லாம் செஞ்ச பிறகும் கிழிஞ்சா, முன்னாடி யாரோ தேய்ஞ்ச ஊசியில ஓட்டிக் காடியே போயிடுச்சு. அதைக் கழுவி மீட்க முடியாது.

தகடூர்_33

ட்யூனர்ல ஈ-க்கும் கொஞ்சம் கீழ காட்டுது, ஓசூர் அண்ணன் சொன்னதுதான். புல்லி விட்டம் 10.00 மி.மீ., பெல்ட் கனம் 0.6 மி.மீ. கூடவே ஒண்ணு: வால்யூம் ஏத்தினா ஊம்ம்ம்னு ஒரு முழக்கம் வருது. பிளேயருக்கு அடியில கிரானைட் பலகை போடலாமா? எங்க பக்கம் துண்டுக்கல் சுலபமாக் கிடைக்கும்.

பர்கூர்_கல்

முழக்கம் ரெண்டு வகை, முதல்ல எதுன்னு பாருங்க. ஊசி தட்டு மேல இல்லாதப்பவும் வந்தா எர்த் கோளாறு. பிளேயர்லேருந்து வர்ற மெல்லிய எர்த் வயரை ஃபோனோ ஆம்ப் (ஊசியிலேருந்து வர்ற சத்தத்தைப் பெருக்குற பெட்டி) திருகுல மாட்டுங்க, ட்ரான்ஸ்ஃபார்மரைக் கார்ட்ரிட்ஜ்லேருந்து ரெண்டடியாவது தள்ளி வைங்க. ஊசி தட்டு மேல இருக்கும்போது மட்டும் வந்து, ஏறிகிட்டே போனா ஸ்பீக்கர் அதிர்வு திரும்பி ஊசிக்குள்ள போகுது. ரெண்டும் ஒரே மேசையில இருந்தா எந்தக் கல்லும் காப்பாத்தாது. ஸ்பீக்கரைக் கீழ இறக்குங்க.

அதுக்கப்புறம் கல்லு. 45 × 35 செ.மீ., 30 மி.மீ. கனம் போதும், கிட்டத்தட்ட 13 கிலோ வரும். மேசை தாங்குமான்னு பாத்துட்டு வாங்குங்க. கல்லை நேரா மேசை மேல போட்டா பிரயோஜனம் கம்மி, கிரானைட்டைச் சுண்டிப் பாத்தாலே மணி மாதிரி ஒலிக்கும். அடியில சைக்கிள் ட்யூப் ஒண்ணு, பாதிக் காத்துக்கும் குறைவா. கல்லு லேசா மிதக்கணும். அப்புறம் மட்டப்பலகை வெச்சு நாலு பக்கமும் பாருங்க. கல்லு மட்டம் தப்பினா காவேரிப்பட்டணத்துக்காரர் சொன்ன ஆன்டி-ஸ்கேட்டிங் கணக்கெல்லாம் வீண். வெட்டின ஓரத்தை பாலிஷ் போடச் சொல்லுங்க, இல்லன்னா அதுவே தூசி உதிர்க்கும்.

ராயக்கோட்டை_டிஜிட்டல்

கழுவினதும் முதல் ஓட்டத்துலேயே பதிவு பண்ணி வெச்சிடுங்க. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல 22 நிமிஷப் பக்கம் ஒண்ணு ஏறக்குறைய 760 எம்.பி. வரும். ரெக்கார்டிங் அளவை இதயத்துடிப்பை வெச்சு நிறுத்தாதீங்க. டைம் பாட்டுல கடிகாரமெல்லாம் ஒண்ணா அடிக்கிற இடத்தைப் போட்டு, அங்க உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாம வைங்க. அந்தக் கடிகாரங்களைப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழங்கடிகாரக் கடையில தனித்தனியாப் பதிவு பண்ணிச் சேத்தார். தட்டுல திடீர்னு எகிறுற இடங்கள்ல அது ஒண்ணு.

இன்னொண்ணு முக்கியம். கம்ப்யூட்டர்ல தானாப் பொரிச்சல் நீக்குற வசதியை இந்தத் தட்டுக்குப் போடாதீங்க. கடிகார டிக் டிக், மணி பாட்டோட காசுச் சத்தம் ரெண்டையும் பொரிச்சல்னு நினைச்சுத் தின்னுடும். மிச்சம் வர்றது மழுங்கிப் போன கடிகாரம். பெரிய டப் சத்தத்தை மட்டும் கையால தேடி அழிங்க. பாட்டு பாட்டா வெட்டாம, பக்கத்துக்கு ஒரு ஃப்ளாக் ஃபைல் (தரம் குறையாத ஒலிக்கோப்பு), கூட ஒரு க்யூ ஷீட் (எந்தப் பாட்டு எங்க தொடங்குதுங்கிற பட்டியல்).

அரூர்_ஆட்டோப்ளே

பழைய தட்டு வாங்குறதா இருந்தா எது அசல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெங்களூரு போனா பாக்கலாம்னு.

காவேரிப்பட்டணம்_ஊசி

பாத்தீங்களா, வந்துட்டீங்க.

டார்க் சைட் பிரிட்டிஷ் ஹார்வெஸ்ட் கம்பெனிப் பதிப்பு எண் எஸ்.எச்.வி.எல். 804. முதல் அச்சுல லேபிள் முக்கோணம் நீலம் நிரப்பி இருக்கும், பின்னாடி வெறும் கோடாயிடுச்சு. உள்ள ரெண்டு போஸ்டரும் ஸ்டிக்கரும் இருந்தா முழுசு. கிரேட் கிக் பாட்டுக்கு ரைட் பேரோட டோரி பேரும் போட்டிருந்தா அது 2005-ல வழக்கு சமரசத்துக்கு அப்புறம் வந்தது. 2016-ல வந்த 180 கிராம் மறுபதிப்பு கேக்க அருமையா இருக்கும், கேக்குறதுக்கு மட்டும்னா அதுவே போதும். கொல்கத்தா தம்தம் ஆலையில அடிச்ச நம்ம நாட்டு அச்சு கிடைச்சா, பளபளப்பைப் பாக்காம சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. காடி சாம்பல் பூத்திருந்தா ஓட்டி ஓட்டித் தேய்ஞ்சது.

வாங்கினதும் காருக்குள்ள விட்டுட்டுச் சாப்பிடப் போகாதீங்க. கிருஷ்ணகிரி டோல் வர்றதுக்குள்ள அலை அலையா வளைஞ்சிருக்கும்.

ஓசூர்_லேத்

தகடூர் தம்பிக்குக் கணக்கு. புல்லி விட்டத்தை மட்டும் 1.2 ஆல பெருக்கினா தப்பு, பெல்ட்டோட நடுக்கனத்தையும் சேக்கணும். 10.00 கூட்டல் 0.6, 10.6. அதை 1.2 ஆல பெருக்கினா 12.72. அதுலேருந்து 0.6 கழிச்சா 12.12 மி.மீ. லேத்காரர்கிட்ட 12.15-னு சொல்லிக் கடைஞ்சு வாங்குங்க, கூடுதலா இருந்தா உரசிக் குறைக்கலாம், குறைஞ்சா ஒட்ட முடியாது. நடுத்துளை மோட்டார் ஷாஃப்ட்டுக்கு ஆட்டமில்லாம இருக்கணும், டயல் கேஜ்ல ஆட்டம் 0.02 மி.மீ.க்கு மேல போனா ஷைன் ஆன் கார்வை அலையும். பெல்ட் ஓடுற முகம் நடுவுல இம்மி மேடா இருக்கட்டும், தட்டையா இருந்தா பெல்ட் கீழ வழுக்கும். 45 ஆர்.பி.எம்.முக்கான புல்லிப் படிக்கும் இதே கணக்கு.

மோட்டார் 50 ஹெர்ட்ஸ்ல கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும். 110-க்குப் பதில் 95 வோல்ட் இணைப்பு இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரா மாத்திக்குங்க. ராத்திரி உங்க பக்கம் லைன் வோல்டேஜ் ஏறும், அதனால அளக்கும்போது ராத்திரி ஒரு தடவை அளங்க. புல்லி மாட்டினதும் 3150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் தட்டு கிடைச்சா அதுல பாருங்க, இல்லன்னா அதே ஜி கார்வை, அதே ட்யூனர். முள்ளு ஜி-க்கு மேல நின்னா 400 நம்பர் உப்புத்தாள், மோட்டார் ஓடும்போதே லேசா ஒரு தொடல், நிறுத்தி மறுபடி அளங்க.